எங்கன வச்சு அளந்தீங்க

அளவென்றால் சூசைரட்ணம் என்று டிக்கோயாவில் இப்போதும் சிலர் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மா இருங்கள் என்றால் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நாலு வார்த்தை கூட்டிச் சொல்வார்கள். தன்னடக்கமாவது கத்தரிக்காயாவது. கூடப்பிறந்த தங்கச்சியே தன் அண்ணனைக் கொலைகாரன் என்று நம்பும்படி செய்த அளவு என்னுடையது. இதைச் சொல்லாமல் இன்னும் எத்தனை வருஷம் இந்தப் புகழை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரிவது?

நடந்தது எழுபத்தொன்பதில். டிக்கோயா ரோட்டோரம் துரைராசா சாரின் வேர்க்சொப்பில் நான் பிட்டராக இருந்தேன். சார் யாழ்ப்பாணத்துக்காரர். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களின் தேயிலை ஸ்டோர்களில், அதாவது தேயிலை பாக்டரிகளில், எந்த மெசின் உடைந்தாலும் எங்களிடம்தான் வரும். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து மெசின். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு உதிரிப்பாகம் கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் அடுத்த பாகம் உடையும். வரைபடம் எதுவும் கிடையாது. உடைந்து வந்த துண்டுதான் வரைபடம். அதை அளந்து, அதே மாதிரி புதிதாக வார்த்து, கடைந்து கொடுப்போம். அளக்கிற வேலை என்னுடையது.

என் அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். நான் பிறந்தது தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில். அப்பேர்ப்பட்டவன், முகம் தெரியும்படி மழமழவென்று இழைத்த அந்த இரும்பு மட்டமேசைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டு நின்று, ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பேசினால் தலை எங்கே நிற்கும்? நிற்கவில்லை. என் தலைக்கனத்தை அந்த மேசையில் வைத்து அளந்திருந்தால் மேசை வளைந்திருக்கும்.

அளப்பது என்றால் பலரும் ஸ்கேலை வைத்துப் பார்ப்பது என்று நினைக்கிறார்கள். அது கடைசி வேலை. முதல் வேலை, பொருளை எதன்மேல் உட்கார வைப்பது என்று தீர்மானிப்பது. அடியில் மூன்று புள்ளி கொடுத்தால் அது சாயாது. பக்கத்தில் இரண்டு புள்ளி கொடுத்தால் திரும்பாது. நுனியில் ஒரு புள்ளி கொடுத்தால் நகராது. மூன்று, இரண்டு, ஒன்று. இப்படிக் கட்டிப்போட்ட பிறகு டயலை, முள் வைத்த அளவுமானியை, நகர்த்தி, இந்த ஓட்டை எவ்வளவு உயரம், அந்த முகம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் பொருள் பதில் சொல்லும். நான் இல்லாத நாளிலும் யாரும் அளக்கட்டும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் எழுதி வைப்பேன். எதன்மேல் வை, முதலில் எங்கே தொடு, டயல் முள்ளை எங்கே பூச்சியமாக்கு, பிறகு எங்கே போ, என்ன எண் வர வேண்டும். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கண்ணை மூடிக்கொண்டுதான் போனோம்.

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. பெயர் வேண்டாம், அங்கே இப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஸ்டோரின் மெசின்காரர் மாயாண்டி தோட்டத்து லொறியில் ஒரு பெடஸ்டலைக் கொண்டுவந்து இறக்கினார். பெடஸ்டல் என்பது தரையில் நின்று சுழலும் தண்டைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கால். தண்டு போவதற்கு நடுவில் ஒரு துளை இருக்கும். கொழுந்து உருட்டுகிற ரோலருக்குப் பக்கத்தில் நாற்பது வருஷமாக நின்ற பெடஸ்டல். அடிப்பாதம் ஒரு பக்கம் முழுதாக உடைந்து போயிருந்தது.

மாயாண்டிக்கு அப்போது ஐம்பது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ரோலர் ஒன்று நிற்பதால் கொழுந்து குவிகிறது, ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார், சீக்கிரம் வேண்டும் என்றார். போகும்போது திரும்பி வந்து, "நம்ம காளியாயி அந்த ரோலருக்கு அடியில சல்லடையிலதான் நிக்குது தம்பி. பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காளியாயி யாரென்று லொறிக்காரன் சொன்னான். மாயாண்டியின் தங்கச்சி லெட்சுமியின் மகள். ஒரே பிள்ளை. அப்பன் இல்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பிள்ளையை, டீமேக்கரின் கையைக் காலைப் பிடித்து ஸ்டோருக்குள் வேலைக்குச் சேர்த்துவிட்டவர் தாய்மாமன்தான்.

நான் பெடஸ்டலை அளக்க எடுத்தேன். வழக்கமாகப் பாதத்தின்மேல்தான் உட்கார வைப்போம். பாதம் உடைந்திருந்ததால் அதை நம்ப முடியாது. எனவே தலைகீழாகக் கவிழ்த்து, உச்சியிலிருந்த தட்டையான முகத்தில் மூன்று புள்ளி கொடுத்து மேசையில் வைத்தேன். அந்த முகம் கருப்பாக, வழவழவென்று, பெயின்ட் அடித்த மாதிரி மின்னியது. மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்தேன். கையால் தட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. மூன்று புள்ளியில் எதுவும் ஆடாது. குப்பையை வைத்தாலும் ஆடாது. அது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

தண்டு போகிற துளைக்குள் டயலை விட்டேன். துளை மட்டமாக இல்லை. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஆயிரத்தில் முப்பது பங்கு அங்குலம் சரிவு. ஒரு நகக் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதே முப்பது. துரைராசா சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழசு தேய்ந்துபோயிருக்குமோ என்று கேட்டார்.

கேட்டாரே, அங்கேயாவது நின்றிருக்கலாம். தேய்மானம் இப்படி நேர்கோட்டில் வராது சார் என்று நான் பாடம் நடத்தினேன். பெல்ட் ஒரு பக்கம் இழுக்கும், அந்த இழுவைக்கு ஈடுகொடுக்கத்தான் வெள்ளைக்காரன் வேண்டுமென்றே துளையைச் சரித்துக் கடைந்திருக்கிறான் என்றேன். காரணமில்லாமல் அவன் ஒன்றும் செய்யமாட்டான் என்றேன். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இந்த நம்பிக்கை தாய்ப்பாலோடு வருகிறது. வெள்ளைக்காரத் துரை போட்ட ரோடு, வைத்த கல், கட்டிய மதகு, எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கணக்கு இருக்கும் என்று நம்பியே வளர்ந்தோம். கோணலாக ஒன்றைக் கண்டால் நம் கண்ணைத்தான் சந்தேகிப்போமே தவிர அவன் கணக்கைச் சந்தேகிக்க மாட்டோம். நான் என் கண்ணைக்கூடச் சந்தேகிக்கவில்லை. சரிவு முப்பது என்று தாளில் எழுதினேன். புதிய பெடஸ்டல் தாளில் உள்ளபடி, முப்பது சரிவோடு, அச்சு அசலாகத் தயாராகிப் போனது.

பத்து நாளில் டீமேக்கர் போன் பண்ணினார். மாயாண்டி புதிய பெடஸ்டலைக் குறை சொல்கிறானாம். கையால் சுற்றினால் தண்டு ஓரிடத்தில் பிடிக்கிறதாம். பாதத்துக்கு அடியில் ஒரு பக்கம் தகரத்தைச் சொருகி ஓட்டுகிறானாம். வந்து பாருங்கள் என்றார். எனக்கு எரிச்சலென்றால் எரிச்சல். அடுத்த பஸ்ஸில் போனேன்.

பால்மா டின்னிலிருந்து வெட்டின தகரம். மூன்றாக மடித்துப் பாதத்துக்கு அடியில் கொடுத்திருந்தார். தண்டு வெண்ணெய் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. இதை நான் அப்போதே கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மெசினை நிறுத்தச் சொல்லி, திருகாணியைத் தளர்த்தி, தகரத்தை என் கையாலேயே உருவி வெளியே வீசினேன். வெறுமனே வீசவில்லை. ஸ்டோர் முழுக்கக் கேட்கும்படி, "அளந்து குடுத்தது நான். ஒங்க வீட்டு அடுப்புக்குக் கல்லு முட்டுக் குடுக்குற மாதிரி இங்க குடுக்காதீங்க" என்றேன். தண்டு வளைந்திருக்கும், அதைப் பாருங்கள் என்றும் சொன்னேன். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மாயாண்டி குனிந்து தகரத்தைப் பொறுக்கி எடுத்து ஓரமாக வைத்தார்.

டீமேக்கர் எனக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்த பெண் காளியாயி. இருபது வயது இருக்கும். மாமனைத் திட்டியவன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சீனி போதுமா அண்ணே என்று கேட்டாள். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஐந்து வாரம் போனது. சரிந்த துளைக்குள் நேரான தண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் இரும்பை ஒரு மயிரிழை நெளித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வார்ப்பிரும்பு நெளியத் தெரியாத சாதி. பொறுக்கும் வரை பொறுக்கும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் உருட்டல் ஓடிக்கொண்டிருந்தபோது பெடஸ்டல் இரண்டாக வெடித்தது. தண்டு இறங்கியது, பெல்ட் கழன்று வீசியது. சல்லடைக்கு முன்னால் குனிந்து நின்ற காளியாயியின் கழுத்தில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லொறி பாதி வழியிலேயே திரும்பிவிட்டது.

குற்றம் யார் தலையில் விழும் என்று கேட்கவே வேண்டாம். எண்ணெய் போடாமல் விட்டான் என்றார்கள். அளந்து கொடுத்த சாமானில் தகரம் சொருகி விளையாடினான், அதனால்தான் கால் பலமிழந்தது என்றார்கள். தகரத்தை நான் உருவி வீசியதை ஸ்டோரே பார்த்தது. அதுவே அவர் விளையாடினார் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. இழவு வீட்டுக்குத் தாய்மாமன் என்ற முறையில் கோடித் துணி எடுத்துக்கொண்டு போன மாயாண்டியை, லெட்சுமி வாசலிலேயே மறித்து, துணியைப் பிடுங்கி லயத்துச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தாளாம். மலையில் மழைக்குள்ள நின்னிருந்தாலும் எம்புள்ள உசிரோட நின்னிருக்குமே, நீதானே ஸ்டோருக்குள்ள கூட்டிட்டுப் போயி கொன்னே என்று கத்தினாளாம். பிணத்தின் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. இதெல்லாம் லொறிக்காரன் சொல்லி எனக்குத் தெரியவந்தது.

தோட்ட ஆபீசில் விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்னால் உடைந்த துண்டுகள் எங்களிடம் சோதனைக்கு வந்தன. துரைராசா சார் தானே தாளை எடுத்து, துண்டுகளைப் பொருத்திக் கட்டி, வரிக்கு வரி அளந்தார். ஒவ்வொரு எண்ணும் தாளோடு பொருந்தியது. சரிவு முப்பது, தாளிலும் முப்பது. சார் பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். என் அளவில் பிழையில்லை என்று மாதாவுக்கு ஒரு மெழுகுதிரிகூடக் கொளுத்தினேன். வெட்கக்கேடு.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், வேர்க்சொப்பின் பின்புறம் போனேன். எண்ணெய்த் துணிகளைச் சலவைச் சோடா போட்டு அவித்து, அந்தக் கொதிதண்ணியை வாரா வாரம் கொட்டுகிற இடம் அது. பழைய பெடஸ்டலை யாரோ அங்கே தூக்கிப் போட்டிருந்தார்கள். நான் மூன்று புள்ளி கொடுத்த அதே முகம் மேலே பார்த்துக் கிடந்தது. பாதி கருப்பு. சோடாத் தண்ணி பட்ட பாதி வெள்ளை இரும்பு.

குனிந்து நகத்தை வைத்துப் பார்த்தேன். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு படி. நகம் இடறியது. அது பெயின்ட் இல்லை. தேயிலைச் சாறு. ரோலர் உருட்ட உருட்டத் தெறித்த சாறு நாற்பது வருஷமாக அந்த உச்சியில் படிந்து, காய்ந்து, கல்லாகியிருக்கிறது. ரோலர் பார்த்த பக்கம் கனமாக, மறுபக்கம் ஒன்றுமில்லாமல். அதன்மேல்தான் நான் பெடஸ்டலை உட்கார வைத்தேன். பெடஸ்டல் சாய்ந்து உட்கார்ந்தது. துளை நேராகத்தான் இருந்தது. சாய்ந்தது நான் போட்ட ஆசனம்.

தேயிலைக் கறை மண்ணெண்ணெய்க்குப் போகாது, சோடாவுக்குத்தான் போகும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் தேவையில்லை. கொழுந்து கிள்ளிக் கருத்த கையை என் அம்மா தினமும் சோடா போட்டுத் தேய்த்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். வேறு எவன் மறந்தாலும் நான் மறந்திருக்கக் கூடாது.

பழைய பெடஸ்டலைத் தூக்கிக்கொண்டு போய், சோடாவில் அவித்து, சுரண்டிக் கழுவி, மறுபடியும் மேசையில் வைத்து டயலை விட்டேன். முள் அசையவே இல்லை. பூச்சியம். வெள்ளைக்காரன் எந்தச் சரிவும் வைக்கவில்லை. நாங்கள் செய்த சோதனையெல்லாம் என்ன? சாய்ந்த ஆசனத்தில் இருந்து எழுதின எண்ணை, அந்த எண்ணைப் பார்த்துச் செய்த சாமானோடு ஒப்பிட்டோம். பொருந்தாமல் என்ன செய்யும்?

துரைராசா சாரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, மெதுவாகப் பேசினார்.

"சூசை, எழுபத்தேழு கலவரத்தில இந்தக் கட்டிடத்தை எரிச்சவங்கள். திரும்பக் கட்டி ரண்டு வருசம் ஆகேல்லை. தமிழன்ர வேர்க்சொப் ஒரு பெட்டையைச் சாக்காட்டிப்போட்டுது எண்டு கதை கிளம்பினா, அடுத்த முறை எரிக்க வாறவனுக்குக் காரணமும் கையில இருக்கும். உம்மைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பயம் உண்மையான பயம். ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர் அப்படிச் சொன்னபோது என் மனசுக்குள் ஓர் ஆறுதல் வந்தது பாருங்கள், அதற்கும் அவருடைய பயத்துக்கும் சம்பந்தமில்லை. அளவுக்காரன் என்ற பெயர் தப்பியது என்ற ஆறுதல் அது.

விசாரணை ஆபீஸ் வராந்தாவில் நடந்தது. தோட்டத்துப் புது மேனேஜர் துரை சிங்களத்திலும் இங்கிலீசிலும் கேட்டார், பெரிய கிளாக்கர் தமிழில் சொன்னார். மாயாண்டி கையைக் கட்டிக்கொண்டு படிக்குக் கீழே நின்றார். தாடி வளர்ந்திருந்தது. லெட்சுமி கொஞ்சம் தள்ளி, வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டீமேக்கர் தகரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் தாளைக் கொண்டுவந்து வைத்தேன். கிளாக்கர் என்னிடம், உடைந்த சாமானில் இருந்த அளவும் தாளில் எழுதிய அளவும் ஒன்றா என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். ஒரு எண்ணாவது வித்தியாசம் உண்டா என்றார். இல்லை என்றேன். இரண்டும் சத்தியமான வார்த்தை. சத்தியத்தை வைத்தே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

துரை மாயாண்டியைப் பார்த்து, நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கச் சொன்னார். மாயாண்டி துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிங்க தம்பி. நான் அந்தப் பழச ஒடைஞ்ச காலோட கொண்டாந்து குடுத்தேன். நிக்கிறதுக்கு அதுக்குக் காலு இல்ல. அத எங்கன வச்சு அளந்தீங்க?"

அந்த வராந்தாவில் துரை இருந்தார், கிளாக்கர் இருந்தார், டீமேக்கர் இருந்தார், படித்தவன் நான் இருந்தேன். கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷன் கேட்டார். 

"மேசையிலதான்" என்றேன்.

கிளாக்கர் சிரித்துவிட்டார். பின்னே, தலையில் வைத்தா அளப்பார்கள் என்று துரைக்கும் சிங்களத்தில் சொல்ல, துரையும் லேசாகச் சிரித்தார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏறத்தான் செய்தது. ஏறி வந்ததை நான் ஒரே வார்த்தையில் கீழே தள்ளினேன். மாயாண்டி இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளை மடித்தேன்.

வேலை போனது. வேலையோடு லயக் காம்பராவும் போனது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தப்படி மாயாண்டி வீட்டாருக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்து நாலு வருஷமாகியும், தங்கச்சியை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் ஏதேதோ சாட்டுச் சொல்லி நின்றுகொண்டிருந்தார்களாம். இனி நிற்க இடமில்லை. கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

அந்த வாரம் மாயாண்டி வேர்க்சொப்புக்கு வந்தார். கேட்டுக்கு வெளியேயே நின்றார். நான் போனதும், எல்லாவற்றையும் மனசில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த மாதிரி பேசினார். நீங்கள் மேசையில் என்று சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, என்ன நடந்ததென்று தெரியாது, ஏதோ நடந்திருக்கிறது என்றார். நான் மறுக்கவில்லை. தேயிலைக் கறையைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆத்திரப்படவில்லை. ஒரு அறை அறைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"ஆபீசுல சொல்ல வேணாம் தம்பி. போன வேல போனதுதான். எந் தங்கச்சிகிட்ட மட்டும் ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க படிச்சவங்க, சொன்னா நம்புவா. வெள்ளிக்கெழம போறோம். அதுக்குள்ள வாங்க."

புதன்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். மாதா பேரில் சத்தியமாக என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை வேலை இருந்தது. அந்த ஸ்டோருக்கான அடுத்த பெடஸ்டலைக் கடைய வேண்டியிருந்தது, பூச்சியச் சரிவோடு. வியாழக்கிழமை மழை. பஸ் ஓடியது, நான்தான் ஓடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்து வாசலில் நின்று நாலு பேர் கேட்க அதைச் சொல்வதை நினைத்தால் கால் எழவில்லை. ஒருத்தியிடம் சொன்னால் தோட்டத்துக்கே சொன்ன மாதிரி. வெள்ளிக்கிழமை காலை அவர்களை ஏற்றிய ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, ஹற்றனைத் தாண்டிப் போகிற சத்தம் வேர்க்சொப் வரை கேட்டது. வேலை செய்துகொண்டேயிருந்தேன்.

போனது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நேரே பஸ் ஏறினேன். நல்லவனாகப் போனேன் என்று நினைக்காதீர்கள். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் போனேன். மாயாண்டியின் காம்பராவில் வேறு குடும்பம் ஏறியிருந்தது. நாலு கதவு தள்ளி, லெட்சுமி விறகைப் பிளந்துகொண்டிருந்தாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பெடஸ்டல், கறை, நான் உருவி எறிந்த தகரம், அந்தத் தகரத்தை எறியாமல் விட்டிருந்தால் பெடஸ்டல் வெடித்திராது என்பது, ஆபீசில் நான் சொன்ன பதில். ஒங்க அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லங்க, எல்லாம் நான் செஞ்சது என்றேன். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தகரத்தைப் பற்றிச் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்தாள். அது விளங்கிவிட்டது என்று தெரிந்தது.

அவள் அழவில்லை. குரலே எழும்பாமல் பேசினாள்.

"லொறி ஏறுற அன்னைக்கு வந்தான். நான் இல்ல தங்கச்சி, நான் இல்ல தங்கச்சின்னு காலப் புடிச்சான். எல்லாரும் பாக்க மூணு தரம் மண்ண வாரித் தூத்துனேன். ஒன் வம்சமே வெளங்காமப் போகணும்னு சொல்லித் தூத்துனேன். அவன் மகனோட கைப்புள்ள தலையிலயும் விழுந்துச்சு. கண்ண மூடிக்கிட்டு நின்னான், தொடைக்கக்கூட இல்ல." பிளந்த விறகைக் காலால் ஒதுக்கினாள். "தூத்துன மண்ண எந்தக் கடலத் தாண்டிப் போயி அள்ளுவேன்?"

விலாசம் ஏதாவது இருக்கிறதா, நான் கடிதம் எழுதுகிறேன் என்றேன். எங்கே இறங்குவார்கள், எந்தக் காட்டில் விடுவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது என்றாள். உண்மைதான், அப்படித்தான் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் திருச்சி, கொடைக்கானல், நீலகிரி என்று போய் வந்தவர்களையெல்லாம் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தும் நான் போகவில்லை. வாசல் மண்ணில், செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எதற்காக நின்றேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்துக் காம்பராக்களில் இருந்தவர்களும் வெளியே வந்து பார்த்தார்கள். லெட்சுமி பிளந்த விறகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பு ஊதுகிற சத்தம் கேட்டது. என் மேல் வீச அவள் ஒரு பிடி மண்கூட எடுக்கவில்லை.